ஆட்டத்தை நிறுத்தினால் போதுமா?

உங்களிடம் ஒரு கேள்வி. பதிலை இப்பவே சொல்ல வேண்டாம். கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள், போதும்.

ஒரு வண்டி வேகமாகப் போகும்போது பயங்கரமாக ஆடுகிறது. காரணத்தைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய இரண்டாயிரம் டாலர் ஆகும். காரணத்தைத் தொடாமல், ஆட்டத்தை மட்டும் அமுக்கி வைக்க நூற்றைம்பது டாலர் போதும். அமுக்கினால் சில மாதங்களுக்கு ஆடாது. அதற்குள் வண்டியை யார் தலையிலாவது கட்டிவிடலாம். வாங்க வருகிறவர், 'ஆடுதா சார்?' என்று கேட்டால், 'ஓட்டிப் பாத்துக்குங்களேன்' என்று சாவியை நீட்டலாம். அவர் ஓட்டுவார். ஆடாது. நீங்கள் பொய் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

என்ன செய்வீர்கள்?

அது இருக்கட்டும். முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 'ஹெவி டியூட்டி பிக்கப்' என்று ஒரு ஜாதி உண்டு. பிக்கப் என்றதும் நம்ம ஊர் குட்டி யானையை நினைத்துவிடாதீர்கள். இது நிஜ யானை! ஃபோர்டு சூப்பர் டியூட்டி எஃப்-250, எஃப்-350, ராம் 2500, 3500, ஷெவர்லே சில்வராடோ 2500 என்று பல பெயர்கள். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டி. அதற்குப் பின்னால் குதிரை வண்டியோ, படகோ, ஒரு முழு வீடோகூட டிரெய்லரில் தொங்கும். 'முக்கால் டன்', 'ஒரு டன்' என்று பழைய பெயர்களில் இன்னும் கூப்பிடுகிறார்கள். அதெல்லாம் பெயருக்குத்தான். இன்று அதைவிட எவ்வளவோ அதிகம் சுமக்கும்.

என்னோடு பி.காம். படித்தவன் ஒருத்தன் கலிஃபோர்னியாவில் செடி நர்சரி வைத்திருக்கிறான். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பழைய பிக்கப் ஒன்று வாங்கினான். கம்பெனி பெயரும் வேண்டாம். வாங்கின முதல் வாரமே வாட்ஸ்அப்பில் புலம்பல்: "டேய், இது வண்டியா, உரலா? ஆபீஸ் பேங்க்னு போயிட்டு வந்தா இடுப்பு கழண்டுடுதுடா."

மெக்கானிக்கிடம் கொண்டுபோனான். அவர் வண்டியைப் பார்க்கவே இல்லையாம். தொட்டியைத்தான் எட்டிப் பார்த்தாராம். காலி! "இதுதான் சார் வியாதி" என்று சிரித்தாராம்.

விஷயம் இதுதான். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் லாரி மாதிரி பட்டை ஸ்பிரிங். (ராம் 2500 மட்டும் 2014 மாடலிலிருந்து பின்னாலும் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது.) ஒன்றரை டன் சுமந்தாலும் மடங்கக் கூடாது என்று செய்யப்பட்ட ஸ்பிரிங் அது. அதன்மேல் காலித் தொட்டியை வைத்தால் அது எதற்காக வளைய வேண்டும்? வளையாது. ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு மேடும் நேரே உங்கள் முதுகுத் தண்டுக்கு வரும். எடையெல்லாம் முன்னால் வேறு. டீசல் இன்ஜின் மட்டுமே சுமார் அரை டன் இருக்கும். பின்பக்கம் எடை இல்லாமல் குதிக்கும். தொட்டியில் நாலைந்து மூட்டை மண்ணை ஏற்றுங்கள், அதே வண்டி சாதுவாகிவிடும்.

அதாவது, இந்த ஆட்டம் கோளாறு அல்ல. சுபாவம்.

இதை எழுதும்போது எனக்கு ரிட்டயரான அப்பாக்கள் ஞாபகம் வருகிறார்கள். முப்பத்தைந்து வருஷம் குடும்பத்தைச் சுமந்த முதுகு. மூன்று தங்கைகள் கல்யாணம், இரண்டு பிள்ளைகள் படிப்பு, வீட்டு லோன் என்று ஏற்றிக்கொண்டே போனபோது அவர் நிதானமாகத்தான் ஓடினார். எல்லாச் சுமையையும் இறக்கிவிட்டு, 'அப்பா, இனிமே ஹாயா இருங்க' என்று சொன்ன மறுநாளிலிருந்து சின்னச் சின்னதுக்கெல்லாம் தூக்கிப் போடுகிறார். பேப்பர் லேட்டானால் சத்தம். ஃபேன் ஓடினால் சத்தம். 'அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு' என்கிறோம். ஒன்றும் ஆகவில்லை. தொட்டி காலி, அவ்வளவுதான். கொஞ்சம் மண் மூட்டை ஏற்றிப் பாருங்கள். பேரனை ஸ்கூலில் விடும் வேலையாவது கொடுங்கள்.

ஆக, ஆட்டம் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எதை மாற்றலாம்?' அல்ல. 'இது சுபாவமா, கோளாறா?' என்பதுதான். சுபாவத்தைக் கோளாறு என்று நினைத்து ரிப்பேர் செய்யப் போனால் நல்லதும் கெட்டுப் போகும்.

எப்படிக் கெடும்? சொகுசு வேண்டும் என்று டயரில் காற்றைக் குறைப்பார்கள். நம்ம கார் டயருக்கு முப்பது, முப்பத்தைந்து. இந்த வண்டிகளின் டயர் 80 வரை தாங்கும். குறைத்தால் மெத்தை மாதிரி இருக்கும், சந்தேகமில்லை. ஆனால், காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடு. சூடு ஏற ஏற ரப்பரின் உள்ளடுக்குகள் பிரியத் தொடங்கும்.

2000-ம் வருஷம் ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது ஞாபகம் இருக்கிறதா? பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. ஓடும்போதே டயரின் மேல்தோல் உரிந்து வண்டிகள் உருண்டன. 271 பேர் இறந்ததாக அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறை கணக்குச் சொன்னது. ஃபோர்டு அந்த டயருக்குப் பரிந்துரைத்த காற்று 26. ஃபயர்ஸ்டோன், '30 இருக்கணும்' என்றது. 'டயர்தான் சரியில்லை' என்று இவர்கள், 'வண்டிதான் சரியில்லை' என்று அவர்கள். ஏறக்குறைய நூறு வருஷ வியாபார உறவு 2001 மே மாதம் முறிந்தது. அதையொட்டி வந்த சட்டத்தால்தான், 2008 மாடல் முதல் அங்கே விற்கும் கார், இலகு ரக பிக்கப் எல்லாவற்றிலும் காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு கட்டாயமானது. ஒவ்வொரு விளக்குக்குப் பின்னாலும் யாரோ அணைந்துபோயிருக்கிறார்கள்.

சரி, நண்பனின் வண்டிக்கு வருவோம். சுபாவம் என்று சமாதானமாகி, மண் தொட்டிகளை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டு மாதம் கழித்து ஹைவேயில், மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில், பாலத்தின் இணைப்பு ஒன்றில் முன்சக்கரம் 'டக்' என்று ஏறி இறங்கியது. அவ்வளவுதான். ஸ்டீயரிங் அவன் கையில் பாம்பு மாதிரி துள்ள ஆரம்பித்ததாம். முன்பக்கம் முழுக்க இடமும் வலமும் உதறுகிறது. பின்னால் டிரெய்லர். பக்கத்து லேனில் ஒரு குடும்பம் காரில் போய்க்கொண்டிருக்கிறது. பிரேக்கைப் போட்டு மிதிக்காமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, மெதுவாக ஓரம் கட்டியிருக்கிறான். வேகம் நன்றாகக் குறைந்த பிறகுதான் உதறல் நின்றதாம். "கை நடுக்கம் நிக்க அரை மணி நேரம் ஆச்சுடா" என்றான்.

இதற்கு அமெரிக்க டிரைவர்கள் வைத்திருக்கும் பெயர், 'டெத் வாபிள்'. மரண ஆட்டம்! இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே முழு ஆக்ஸிலில் கோத்திருக்கும் வண்டிகளில் வருவது. அந்த ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் டிராக் பார் புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட்... இவற்றில் எங்கோ நூலளவு தேய்மானம். ஒரு சக்கரம் உதறினால் அது ஆக்ஸில் வழியாக மறு சக்கரத்துக்குப் போகும். அது உதறித் திருப்பி அனுப்பும். ஊஞ்சலை யாரோ சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருக்கிற மாதிரி ஆட்டம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். 2005 முதல் 2019 வரையிலான எஃப்-250, எஃப்-350 வண்டிகளில் இது வருவதாக 2019-ல் அந்த வண்டிக்காரர்கள் ஃபோர்டு மேல் கலிஃபோர்னியாவில் வழக்கே போட்டார்கள்.

இப்போது மெக்கானிக் வண்டிக்கு அடியில் போனார். நல்ல மெக்கானிக் ஆட்டத்தை எப்படி விசாரிக்கிறார் என்று பார்த்தால், கைதேர்ந்த டாக்டர் தோற்றுப்போவார். எங்கே ஆடுகிறது? ஸ்டீயரிங்கில் என்றால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டில் என்றால் பின்பக்கம். எப்போது? பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் பிரேக் டிஸ்க்கைப் பார். ஒரு ரோட்டில் மட்டும் என்றால் ரோட்டைத் திட்டு. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து கான்கிரீட் ஹைவேக்களில் சில இடங்களில் பலகைகளின் இணைப்புகள் வரிசையாக வந்து வண்டியைக் குதிரையாக்கும். ஓடும்போது, ஆளில்லாத ரோட்டில், நியூட்ரலுக்குத் தள்ளிப் பார். ஆட்டம் நின்றால் இன்ஜின் பக்கம் சந்தேகப்படு. நிற்காவிட்டால் சக்கரமோ ஷாஃப்ட்டோ. எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணு. மணிக்கு நூறு கிலோமீட்டரில் அந்த டயர் நொடிக்குச் சுமார் 11 தடவை சுற்றும். சக்கரத்தை இழுக்கும் ஷாஃப்ட், பின் ஆக்ஸிலின் பல் விகிதம் 3.73 என்றால், சுமார் 40 தடவை. 'தட தட' என்றால் டயர். 'கிர்ர்' என்றால் ஷாஃப்ட். இன்று இதை எண்ணிச் சொல்ல செல்போனிலேயே ஆப் இருக்கிறது.

இன்னொரு சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வண்டி தரையில் நிற்கும். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் அசைப்பார். இன்னொருத்தர் அடியில் படுத்து, எந்த ஜாயிண்ட் தேவையில்லாமல் ஆடுகிறது என்று பார்ப்பார். இரண்டு பேர் வேண்டும். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்கு ஆட்டம் தெரியும், காரணம் தெரியாது.

அடியில் படுத்தவர் கண்டுபிடித்தது இரண்டு விஷயம். ஒன்று, டிராக் பார் புஷ்ஷும் பால் ஜாயிண்ட்டும் தேய்ந்து போயிருந்தன. இரண்டு, அத்தனை பழைய அழுக்குக்கு நடுவில் ஒரே ஒரு உருப்படி மட்டும் பளபளவென்று புதுசாக இருந்தது. ஸ்டீயரிங் டேம்பர்.

டேம்பர் என்பது ஒரு சின்ன ஷாக் அப்சார்பர். ஸ்டீயரிங்கின் உதறலை உறிஞ்சிக்கொள்ளும். கம்பெனியே வைத்துத் தருவது. அதில் தப்பில்லை. தேய்ந்த ஜாயிண்ட்டின் வேலையையும் அதன் தலையிலேயே கட்டும்போதுதான் தப்பு தொடங்குகிறது. புது டேம்பர் போட்டால் தேய்மானம் அப்படியே இருக்கும், ஆட்டம் மட்டும் நிற்கும். சில மாதம். அப்புறம் டேம்பரும் தளர்ந்து போகும். அதற்குள் தேய்மானம் இன்னும் வளர்ந்திருக்கும்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை. விடிய விடியத் தேடியும் 472 ரூபாய் உதைக்கிறது. என்ன செய்வோம்? 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்றைத் திறந்து அந்த 472-ஐ அதில் போட்டுவிட்டுத் தூங்கப் போவோம். அனாமத்துக் கணக்கு! அதுவும் தப்பில்லை. காலையில் எழுந்து பிழையைத் தேடுவதாக இருந்தால். தேடாமல் வருஷா வருஷம் அதைத் தூக்கிக்கொண்டு போனால், அது பிழையைவிடப் பெரிய பிழை.

குடும்பங்களிலும் ஒரு டேம்பர் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் மூத்த மருமகள். மாமனாருக்கும் கொழுந்தனுக்கும் பேச்சில்லை, மாமியாருக்கும் நாத்தனாருக்கும் ஆகாது. எல்லா உதறலும் அவள் மேல்தான் போய் முடியும். இவருக்கு ஒரு சமாதானம், அவருக்கு ஒரு பொய், நடுவில் ஒரு சிரிப்பு. 'எங்க வீட்ல சண்டையே கிடையாதுங்க' என்று ஊரில் பேசுவோம். பதினைந்து வருஷம் கழித்து ஒருநாள் அவள் வெடித்தால், 'அவ முன்ன மாதிரி இல்ல, ரொம்ப மாறிட்டா' என்போம். அவள் மாறவில்லை. மற்றவர்களின் தேய்மானத்தையெல்லாம் உறிஞ்சி உறிஞ்சி அவள் தேய்ந்துவிட்டாள். கோளாறு எங்கே என்று அடியில் படுத்துப் பார்க்க யாருக்கும் மனசில்லை. இன்னொரு டேம்பரைத் தேடுவதே சுலபம் நமக்கு.

நண்பன் வண்டியை விற்றவருக்கு போன் போட்டான். சண்டை போடத்தான். அந்த மனுஷர் சொன்ன பதிலில் இவனுக்கு வாயடைத்துவிட்டது. "ஆமா, ஒருதடவை ஆடிச்சு. டேம்பர் மாத்தினேன், நின்னுடுச்சு. சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்."

அவர் ஏமாற்றவில்லை. முதலில் ஏமாந்ததே அவர்தான். ஆட்டத்தை அமுக்குவதில் இருக்கும் பெரிய ஆபத்து இது. அமுக்கியவரே குணமாகிவிட்டதாக நம்பிவிடுவார். ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அவருக்கு நிஜமாகவே தெரியாதா, தெரிந்துகொள்ளப் பிடிக்கவில்லையா? அடியில் பார்த்தால் செலவு வரும் என்று தெரிந்து, பார்க்காமல் விடுவதும் ஒருவகையில் தெரிந்து செய்வதுதான். 'எனக்குத் தெரியாதே' என்ற வாக்கியத்தை நாம் எத்தனை தடவை உண்மைக்காகவும், எத்தனை தடவை வசதிக்காகவும் சொல்கிறோம்!

நண்பனுக்கு முன்னால் இப்போது இரண்டு வழி. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் நான் உங்களிடம் கேட்டது அவனுடைய கணக்கைத்தான். அவன் இரண்டாயிரத்தைச் செலவழித்தான். நர்சரியின் ஒரு மாத லாபத்தில் பெரும்பகுதி. ஏன் என்று கேட்டேன். "அந்த ஆளுக்குத் தெரியாதுங்கற ஒரு சாக்கு இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சிடுச்சேடா" என்றான்.

சரி, தெரிந்தும் ஒருவர் அமுக்கி விற்றால்? பொய்தான் சொல்லவில்லையே, அது எப்படித் தப்பாகும்?

பி.காமில் படித்த 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு இதைத்தான் அலசுகிறது. வெறும் மௌனம் மோசடி ஆகாது. தெரிந்த விஷயத்தை முயற்சி எடுத்து மறைத்தால் மோசடி. கலிஃபோர்னியாவுக்கு அந்தச் சட்டம் செல்லாதுதான். ஆனால், அதன் நியாயத்துக்கு பாஸ்போர்ட் தேவையில்லை. ஓட்டிப் பார்க்கிறவர் கேள்வியை உங்களிடம் கேட்கவில்லை. வண்டியிடம் கேட்கிறார். நீங்கள் நூற்றைம்பது டாலர் கொடுத்து அந்தச் சாட்சியின் வாயைக் கட்டியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பதிலாக வண்டி பொய் சொல்கிறது. அதுமட்டுமல்ல. வாங்குகிறவராவது பேரம் பேசினார், ஓட்டிப் பார்த்தார். பக்கத்து லேனில் போகிற அந்தக் குடும்பம் எந்தப் பேரத்திலும் இல்லையே?

'அப்ப மௌனமா இருந்துட்டா தப்பில்லையா? டேம்பரும் போடல, எதுவும் சொல்லல, கேட்டா மட்டும் சொல்வேன்' என்கிறீர்களா? நல்ல கேள்வி. அதற்கும் அந்தச் சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. அந்தக் காலத்து வண்டி, குதிரை. ஒருவர் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறார். குதிரைக்குக் கோளாறு இருப்பது அவருக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. மோசடியா? இல்லை என்கிறது சட்டம். சரி, அந்தக் குதிரையை வாங்குவது, அப்போதுதான் வயதுக்கு வந்து சொந்தமாக முடிவெடுக்கத் தொடங்கியிருக்கும் அவருடைய சொந்த மகள் என்றால்? அப்போது சொல்லித்தான் ஆக வேண்டும், அந்த உறவே அவரைக் கடமைப்படுத்துகிறது என்கிறது அதே சட்டம்.

சட்டத்துக்கு எங்கேயாவது ஒரு கோடு போட்டாக வேண்டும். மகளுக்கு இந்தப் பக்கம், ஊராருக்கு அந்தப் பக்கம் என்று போட்டது. மனசாட்சிக்கு அப்படிக் கோடு எதுவும் இல்லை. வாங்க வருகிற ஒவ்வொருவரும் யாரோ ஒருவரின் மகளோ மகனோதானே?

இப்போது சொல்லுங்கள். வண்டி ஆடுகிறது. சாவி உங்கள் கையில். ஓட்டிப் பார்க்க வந்திருப்பது உங்கள் மகள். சாவியை அப்படியே நீட்டுவீர்களா, 'இரும்மா, ஒரு நிமிஷம்' என்பீர்களா?